திரையின் அச்சும் நம் முகமும்: அண்மைத் தமிழ்ப் படங்கள் சில குறித்து

திரைப்படம் பார்ப்பது கூடுமா என்னும் மஸ்அலாவை நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளவில்லை. அதனை ஆய்ந்து தீர்ப்புரைக்கத் தகுதி வாய்ந்த முஃப்திகள் நம்மிடையே உள்ளனர். நம் முன் நிற்கும் வினா வேறு. படத்தைப் பார்க்காதவரையும் படம் விட்டுவைப்பதில்லை. ஆம்பூரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ சென்னைக்குச் சென்று வாடகைக்கு வீடு தேடும் தாடி வைத்த இளைஞர், தம் வாழ்நாளில் திரையரங்கின் படியை மிதிக்காதவராக இருக்கலாம். ஆனால் அவருக்குக் கதவு திறக்கும் வீட்டுக்காரர் நூறு படங்களைப் பார்த்தவராக இருப்பார். இளைஞர் ஸலாமோ வணக்கமோ சொல்லி வாய் திறக்குமுன், அவரைப் பற்றிய கதை ஒன்று அவ்வீட்டின் கூடத்தில் வந்து அமர்ந்துவிடுகின்றது. அக்கதை எவ்வாறு புனையப்படுகின்றது என்பதை அறிவது ஆலிம்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் பொழுதுபோக்கு ஆகாது; அது தேவை.

இந்நோக்கில், 2021 முதல் 2024 வரை வெளிவந்த தமிழ்ப் படங்களுள் முஸ்லிமை நாயகனாகவோ எதிரியாகவோ முன்னிறுத்தும் சிலவற்றைப் பார்த்தோம். அவை குறித்து நமக்குத் தோன்றியவற்றை வாசகர் முன் வைக்கின்றோம்.

அளவுகோல் எது?

ஒரு படம் நமக்கு ஆதரவானதா எதிரானதா என்று கேட்டு முடிவு கட்டுவது எளிது. அது விமர்சனம் ஆகாது. நமக்குச் சிறந்ததோர் அளவுகோல் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றது. ஹிஜ்ரி 471இல் (கி.பி. 1078) மறைந்த இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி, தம் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ நூலில் ‘நஸ்ம்’ என்னும் கோட்பாட்டை நிறுவினார். தனிச்சொல்லுக்கு உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஒரு சொல் மற்றொரு சொல்லோடு எந்த ஒழுங்கில் இணைக்கப்படுகின்றதோ அவ்விணைப்பில்தான் பொருளும் அழகும் பிறக்கின்றன என்பது அதன் சாரம். பலாகா வகுப்பில் இதனைப் பயின்ற மாணவருக்குத் திரைப்படத்தின் படத்தொகுப்பை விளக்க வேறு ஆசிரியர் தேவையில்லை. திரையில் ஒரு காட்சி ஒரு சொல். அதனை அடுத்து எந்தக் காட்சி வைக்கப்படுகின்றது என்பதே பொருள்.

எடுத்துக்காட்டாக, மணிரத்னத்தின் ‘ரோஜா’ (1992) படத்தை எண்ணிப் பார்க்கலாம். தொழுபவரைக் காட்டுவதில் குற்றம் ஏதும் இல்லை. எரியும் தேசியக் கொடியைக் காட்டுவதும், அதனை அணைக்க ஒருவர் தம் உடலையே போர்த்துவதும் கதைக்குரிய காட்சிகளே. ஆனால் கொடி எரியும் நேரத்தில் தீவிரவாதியின் தொழுகை இடையிடையே வெட்டிக் காட்டப்படுகின்றது. இவ்விரண்டையும் பின்னிய பின்னர் பிறக்கும் மூன்றாவது பொருள் தொழுகையிலும் இல்லை, கொடியிலும் இல்லை. அது நஸ்மில் இருக்கின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கற்பிக்கப்பட்ட அந்த இணைப்பு இன்று தமிழ்த் திரையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. பாங்கொலி கேட்டவுடன் அடுத்து வெடி வெடிக்கும் என்று குழந்தையும் எதிர்பார்க்கப் பழகிவிட்டது.

இஸ்லாத்தின் பெயரால் வன்முறை செய்தோரைத் திரை காட்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதே நகரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். இரண்டும் நடந்தவை. இரண்டையும் சொல்லும் துணிவு கலைக்கு வேண்டும். நாம் கேட்பது நீதியான இணைப்பை மட்டுமே.

வீடுள்ளோரும் வீடற்றோரும்

‘அமரன்’ (2024) ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய படம். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் நடந்த மோதலில் உயிர் நீத்து, பின்னர் அசோக சக்கர விருது வழங்கப்பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வை அது சொல்கின்றது. அவருடைய வீரத்தையும் குடும்பத்தின் இழப்பையும் நாம் மதிக்கின்றோம். சாய் பல்லவியின் நடிப்பில் ஒரு போர்வீரரின் மனைவி காத்திருக்கும் காத்திருப்பு மனத்தை உருக்குவது. தமிழ் இந்துக் குடும்பம் ஒன்றும் மலையாளக் கிறித்தவக் குடும்பம் ஒன்றும் தயங்கி, பிணங்கி, இறுதியில் இணையும் காட்சிகள் தமிழில் அண்மையில் வந்த குடும்பச் சித்திரிப்புகளுள் சிறந்தவை.

ஆனால் இப்படத்தில் வீடுள்ளோர் அவ்விரு சமூகத்தாரே. கதையின் பெரும்பகுதி நிகழும் மண்ணுக்கு உரிய காஷ்மீரிகளின் வீட்டுக்குள் காமிரா நுழைவது பெரும்பாலும் சோதனையிடுவதற்காகவே. அங்கும் தாய் இருப்பாள், அடுப்பு இருக்கும், காத்திருக்கும் மனைவியும் இருப்பாள். அவை படத்துக்குப் பொருட்டல்ல. படம் வெளிவந்த பின், நாயகரின் சாதி ஏன் சொல்லப்படவில்லை என்று சிலர் வினவினர். தம் மகன் இந்தியராக, தமிழராக மட்டுமே அறியப்பட வேண்டும் என்று பெற்றோர் விரும்பியதாக இயக்குநர் விடை பகர்ந்தார். அழகிய விடை அது. ஒரு மனிதரின் பிறப்படையாளத்தைக் காட்சிக்கு வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பெருந்தன்மை எதிர்த்தரப்பில் நிற்கும் கூட்டத்துக்கு ஏன் எட்டவில்லை என்பதே நம் வினா. அங்கு அடையாளமே முதலில் வருகின்றது. மனிதர் பின்னரும் வருவதில்லை.

நற்சான்று கேட்கும் திரை

தீவிரவாதிக்கு மாற்றாகத் திரை முன்வைக்கும் ‘நல்ல முஸ்லிம்’ எப்படிப்பட்டவர்? நம் பகுதி ஷூ கம்பெனிகளில் ‘லாஸ்ட்’ என்னும் பாத அச்சு உண்டு. மேல்தோலை அதன்மீது இழுத்துப் பொருத்துவர். தோல் எந்த ஆட்டினுடையதாயினும் வடிவம் அச்சினுடையதே. தமிழ்த் திரையில் நல்ல முஸ்லிமுக்கும் அவ்வாறு ஓர் அச்சு நெடுங்காலமாக இருந்து வருகின்றது. பீம்சிங்கின் ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் சிவாஜி ஏற்ற ரஹீம், முஸ்லிம் பெரியவரால் வளர்க்கப்பட்ட இந்துக் குழந்தை. ‘பாட்ஷா’ (1995) படத்தில் அன்வர் நாயகனுக்காக உயிரைக் கொடுத்துப் பெயரை விட்டுச் செல்கின்றார். ஒருவருக்குப் பிறப்பு நற்சான்று. மற்றவருக்கு இறப்பு நற்சான்று.

இவ்வச்சு இன்று உடைந்துள்ளதா? வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) அதனை உடைக்க முயன்றது. நாயகனின் பெயர் அப்துல் காலிக். முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம்மீது சுமத்திக் கலவரம் மூட்டுவதே வில்லன்களின் திட்டம். குற்றம் நடக்குமுன்பே குற்றவாளியின் பெயர் முடிவாகிவிடுகின்றது என்னும் உண்மையை வணிகப் படமொன்று இத்தனை வெளிப்படையாகச் சொன்னது பாராட்டுக்குரியது. ஒரே நாள் மீண்டும் மீண்டும் சுழலும் உத்தியும் அதற்குப் பொருந்துகின்றது. இச்சமூகத்தின் அனுபவமும் அத்தகையதே அல்லவா? எனினும், அச்சுழற்சிக்குக் காரணம் கேட்கப்படுகையில், அப்துல் காலிக் உஜ்ஜயினியின் காலபைரவர் கோயிலில் பிறந்தவர் என்று படம் விடை தருகின்றது. இதனை நல்லிணக்கம் என்று கொள்வோரும் உளர். நமக்கோ அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ரஹீமின் தொட்டில் நினைவுக்கு வந்தது. முஸ்லிமாகப் பிறந்து முஸ்லிமாக வளர்ந்த ஒருவர், வேறெந்தச் சான்றும் இன்றி நாயகராக முடியாதா?

மனு ஆனந்தின் ‘எஃப்.ஐ.ஆர்.’ (2022) இன்னும் நுட்பமான சிக்கலைக் கொண்டது. வேலை தேடும் பொறியியல் பட்டதாரி இர்ஃபான் அஹ்மத், தீவிரவாதி என்னும் ஐயத்தின் வலையில் சிக்குகின்றார். நிரபராதி ஒருவரின் துயரக் கதை என்று நாம் நெஞ்சு கனத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் அரசின் இரகசியப் பணியாளர் என்னும் திருப்பம் வருகின்றது. கைதட்டல் எழும் இடம் அது. ஆனால் அத்திருப்பம் படத்தின் முற்பகுதியையே அழித்துவிடுகின்றது. நிரபராதியின்மீது ஐயம் விழுந்தது அநீதி என்ற நிலை மாறி, அது திட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிடுகின்றது. உளவுப் பணியில் இல்லாத, வெறும் வேலை தேடும் இர்ஃபானுக்கு என்ன நேரும் என்னும் வினாவைப் படம் தானே எழுப்பி, தானே அடக்கம் செய்துவிடுகின்றது.

ஐஸ்வர்யா ரஜினிகாந்தின் ‘லால் சலாம்’ (2024) நல்லெண்ணத்தால் நிறைந்தது. கிரிக்கெட் ஆட்டம் மதக் கலவரமாக மாறும் கதை. அதில் மொய்தீன் பாயாக ரஜினிகாந்த். கலவரத்தில் தம் மகன் ஊனமுற்ற பின்னும் மன்னித்து ஒற்றுமையை நிலைநாட்டும் தந்தை அவர். மன்னிப்பு நம் மார்க்கத்தில் உயர்ந்த பண்பே. ஆயினும் பாதிக்கப்பட்டவரே மன்னிக்கவும் வேண்டும், அதனாலேயே அவர் நல்லவராகவும் வேண்டும் என்னும்போது, நீதி என்னும் சொல் மெல்ல அகன்றுவிடுகின்றது. ஃபிக்ஹு நூல்களில் மன்னிப்பு என்பது உரிமை உடையவர் தாமாக விட்டுக்கொடுப்பது. முதலில் உரிமை நிலைநாட்டப்பட வேண்டும். பின்னரே விட்டுக்கொடுத்தல் பொருள்படும். படம் முதற்படியைத் தாண்டி இரண்டாம் படியில் கால் வைக்கின்றது.

பெயரை மறைத்த படம்

நாம் பார்த்தவற்றுள் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது மந்திரமூர்த்தி இயக்கிய ‘அயோத்தி’ (2023). அயோத்தியிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்த யாத்திரிகர் குடும்பம் விபத்தில் சிக்கித் தாயை இழக்கின்றது. மொழி தெரியாத ஊரில், தீபாவளி விடுமுறையில், அவ்வுடலை ஊர் கொண்டு சேர்க்க வேண்டும். பிரேதப் பரிசோதனை, காவல் நிலையம், சான்றிதழ்கள், விமானச் சரக்குப் பிரிவு என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி உதவுகின்றார் சசிகுமார் ஏற்ற பாத்திரம். விடைபெறும் வேளையில் பெயர் கேட்கப்படுகின்றது. அப்துல் மாலிக் என்கின்றார். படம் முடிகின்றது.

கேட்போரின் ஆவலைத் தூண்டி, உரிய சொல்லை இறுதிக்கு ஒத்திவைப்பதைப் பலாகாவில் ‘தஷ்வீக்’ என்பர். அவ்வுத்தி இங்கு முழு வெற்றி பெறுகின்றது. ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்பதைக் கடமையாகக் கருதும் சமூகத்தின் மனம் ஓர் அயலாரின் சடலத்தின்பால் எவ்வாறு இயங்கும் என்பதை உபதேசம் ஏதுமின்றிப் படம் காட்டிவிட்டது. பார்வையாளரின் உள்ளத்தில் உறங்கும் ஐயத்தையும் அவ்வொரு பெயரால் தொட்டு எழுப்பிவிட்டது.

ஆனால் இவ்வெற்றிக்கு ஒரு விலை உண்டு. பெயர் மறைந்திருக்க வேண்டுமாயின் பெயரோடு வருவனவும் மறைய வேண்டும். இரண்டு மணி நேரமும் நம்மோடு நடந்த அப்துல் மாலிக்கைத் தொழுகை விரிப்பில் நாம் காணவில்லை, காணவும் இயலாது. கண்டிருந்தால் கதை கலைந்துவிடும். முஸ்லிம் என்று தெரிந்த ஒருவர் முதற்காட்சியிலிருந்தே அவ்வுதவியைச் செய்திருந்தால் பார்வையாளர் இதே நெகிழ்வோடு பார்த்திருப்பாரா? பார்த்திருக்க மாட்டார் என்று படத்தை எடுத்தோரே கணித்துள்ளனர் என்று தோன்றுகின்றது. அக்கணிப்பு சரியானதாகவும் இருக்கலாம். அதுவே நமக்கு வருத்தம். படத்தின்மீது நமக்குக் குறையில்லை. இத்தகைய உத்தியை வேண்டி நிற்கும் காலத்தைப் பற்றியதே நம் கவலை.

தடையும் விமர்சனமும்

நெல்சன் வெங்கடேசனின் ‘ஃபர்ஹானா’ (2023) திரைக்கு வருமுன்பே, முன்னோட்டத்தைக் கண்டு நம்மவர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். படம் வந்தபின் பார்த்தால், சென்னையின் நடுத்தர முஸ்லிம் வீடு ஒன்றைத் தமிழ்த் திரை அக்கறையோடு காட்டிய அரிய தருணங்களுள் அது ஒன்று. குடும்பப் பொருளாதாரம் நெருக்க, பெண் வேலைக்குச் செல்கின்றாள். தந்தை தயங்குகின்றார், கணவன் துணை நிற்கின்றான். ஜித்தன் ரமேஷ் ஏற்ற அக்கணவன் கத்தவில்லை, அடிக்கவில்லை, தத்துவம் பேசவும் இல்லை. நம் தெருக்களில் நாம் அன்றாடம் காணும் மனிதன் அவன். பிற்பகுதியில் படம் அவ்வீட்டை விட்டு வெளியேறி மர்மக் கதையின் வழக்கமான பாதையில் ஓடிவிடுவது அதன் குறை. ஆனால் அது முன்னோட்டத்தைப் பார்த்தோர் சொன்ன குறை அன்று. ஷரீஅத்தில் சாட்சியம் சொல்வதற்குக் கண்டறிந்திருத்தல் நிபந்தனை. காணாத ஒன்றைப் பற்றிச் சாட்சி சொல்வதை நம் காழிகள் ஏற்கமாட்டார்கள் என்பதை நாமே மறந்துவிடலாகாது.

இது முதல் முறையன்று. 2012இல் ‘துப்பாக்கி’ வெளிவந்தபோது நம் அமைப்புகள் கொதித்தெழுந்தன. படக்குழுவினர் வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கினர். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்துக்குத் தமிழக அரசு தடை விதித்தது. சில காட்சிகள் மாற்றப்பட்டு பிப்ரவரி 7 அன்று அது தமிழ்நாட்டில் வெளியாயிற்று. இவற்றால் விளைந்தது என்ன? படங்களுக்கு விளம்பரமும், கலைக்கு எதிரானோர் என்னும் பெயரும் நமக்கு மிஞ்சின. அவற்றின் பின்னரும் ‘பீஸ்ட்’ (2022) வந்தது. வணிக வளாகம், பிணைக் கைதிகள், முகமூடி அணிந்த தீவிரவாதிகள் என்று அதே அச்சு. தோல் மட்டும் புதிது.

தடை என்னும் வாள் எடுத்தவர் கையிலேயே நிற்பதும் இல்லை. ‘அன்னபூரணி’ (2023) படத்தில் பிராமணக் குடும்பத்துப் பெண் சமையற்கலைஞராகின்றாள். பிரியாணி சமைக்குமுன் தொழவும் செய்கின்றாள். தொழுகையால்தான் பிரியாணி ருசிக்கும் என்பதைக் கேட்டால் ஆம்பூரின் பண்டாரிகள் சிரிப்பர். சீரகச் சம்பாவையும் விறகுத் தீயின் பதத்தையும் அவர்கள் காட்டுவர். அப்படியொரு வெள்ளந்தியான படம் அது. ஆயினும் வேறு தரப்பினர் மனம் புண்பட்டதென்று புகார் அளிக்க, 2024 ஜனவரியில் இணையத் திரையிலிருந்தே அது அகற்றப்பட்டது. நாம் கூர்தீட்டிய வாள் நமக்கு நட்பான படத்தின்மீதே விழுந்தது.

தடை கோரும் மனுவை எழுத ஒரு நாள் போதும். ஒரு படம் எந்த இடத்தில், எந்த இணைப்பால், எவ்வாறு அநீதி இழைக்கின்றது என்று எடுத்துக்காட்டும் கட்டுரையை எழுதப் பயிற்சி வேண்டும். பின்னதே நிலைக்கும்.

சொல்லப்படாத கதைகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மோசுலில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவராக வாழ்ந்த இப்னு தானியால் என்பவர் நிழற்கூத்துக்காக அரபியில் எழுதிய மூன்று நாடகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றில் சந்தை மனிதர்கள் வரிசையாகத் திரையில் தோன்றுகின்றனர்: உபதேசி, பாம்பாட்டி, மருந்து விற்பவர், மிருகங்களை ஆட்டுவிப்பவர். புனிதரும் அல்லர், கொடியவரும் அல்லர். அவருக்கும் முன்னர் பஸராவின் ஜாஹிழ், ‘கிதாபுல் புகலா’ என்னும் நூலில் தம் காலத்துக் கஞ்சர்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். தம் மக்களைக் குறையோடும் அன்போடும் காட்டும் துணிவு அன்றைய முஸ்லிம் எழுத்தாளரிடம் இருந்தது. தமிழிலும் அது இல்லாமல் போகவில்லை. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யில் தோப்பில் முஹம்மது மீரான் செய்தது அதுவே. எழுத்து கண்ட முஸ்லிமைத் திரை ஏன் காணவில்லை?

அண்டை மாநிலத்தில் கண்டுள்ளனர். ஸக்கரியாவின் ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) படத்தில் மலப்புரத்து மூதாட்டியர் இருவர், தம் மொழியறியாத ஆப்பிரிக்கக் கால்பந்து வீரரைப் பேணுகின்றனர். அவர்கள் எவரிடமும் நற்சான்று கேட்கவில்லை. அதே இயக்குநரின் ‘ஹலால் லவ் ஸ்டோரி’ (2020), மார்க்க வரம்புக்குள் படம் எடுக்க முனையும் நம் போன்றோரையே கனிவோடு கேலி செய்கின்றது. ஈரானின் மஜீத் மஜீதி ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் ஒரு ஜோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாறி மாறி அணிந்து பள்ளி செல்லும் கதையை உலகம் கண்ணீரோடு பார்க்கச் செய்தார். அது தமிழில் ‘அக்கா குருவி’ (2022) என்று மறுஆக்கமும் பெற்றது. உலகுக்குக் காலணி தைத்து அனுப்பும் ஊர்களில் இருந்துகொண்டு இதனை எழுதுகின்றோம். அக்காலணிக்குள் எத்தனை கதைகள் என்று நமக்குத் தெரியாதா?

பாலாற்றங்கரையையே எடுத்துக்கொள்வோம். டேனரிக் கழிவால் ஆறும் நிலமும் கெட்டன என்று தொடரப்பட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குவது குறித்து 2025 ஜனவரியிலும் மீண்டும் உத்தரவிட்டது. இக்கதையில் ஆலை முதலாளியும் முஸ்லிமாக இருப்பார். ஊறல் தொட்டியில் நிற்கும் தொழிலாளியும் முஸ்லிமாக இருப்பார். கிணறு கெட்ட உழவருள்ளும் முஸ்லிம் இருப்பார். அவர்களோடு தோளுரசி வேலை செய்யும் தலித் சகோதரரும், பேருந்தில் வந்திறங்கி ஷூ கம்பெனிக்குள் நுழையும் பெண்களும் இருப்பர். வீட்டில் உருதுவும் கடைத்தெருவில் தமிழும் பேசுவோர், தமிழ் லப்பைகளாக இருந்து உருதுவை வீட்டுமொழியாக்கிக் கொண்டோர் என இங்குள்ள பேச்சே ஒரு தனிக் காவியம். திரையில் வரும் ‘பாய்’ பேசும் நம்பள்கி நிம்பள்கி மொழியை இங்கு எவரும் பேசுவதில்லை.

இக்கதையைப் பிறர் எடுத்தால் நம் குறைகளும் வெளிப்படும். நாமே எடுத்தால் அவை நேர்மையோடு வெளிப்படும். இரண்டில் எதற்கும் நாம் ஆயத்தமாக இல்லையெனில், அச்சில் வார்த்த முகத்தைப் பற்றிக் குறை சொல்லும் தகுதி நமக்குக் குறைந்துவிடும். வானவராகக் காட்டுமாறு கேட்பதும் ஒருவகைப் பொய்ச் சாட்சியத்தைக் கேட்பதே. மனிதராகக் காட்டுமாறு கேட்பதே நீதி.

எனவே நம் அரபிக் கல்லூரிகளின் பலாகா ஆசிரியர்களுக்கும், வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் கல்லூரிகளின் தமிழ்த் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் கைபேசியில் என்ன பார்க்கின்றனர் என்பது நாம் அறிந்ததே. அதனைக் காணாததுபோல் கடப்பதை விடுத்து, பார்த்ததை எடைபோடக் கற்பிப்போம். இரு காட்சிகளுக்கு இடையே பொருள் எங்கே பிறக்கின்றது என்று கேட்போம். நன்று செய்த படத்தை நன்று என்று எழுதவும், தீங்கு செய்ததை ஆதாரத்தோடு சுட்டவும் அவர்களைப் பழக்குவோம். அவர்களுள் ஒருவரேனும் நாளை திரைக்கதை எழுதும் கையாக வரக்கூடும்.

இங்கு கூறியவை நம் கருத்துகள். மறுக்க விரும்புவோர் தாராளமாக மறுக்கலாம்; படங்களைப் பார்த்துவிட்டு மறுக்க வேண்டும் என்பது ஒன்றே நம் நிபந்தனை.